கரண்ட் போனால் சர்வர் ஒழுங்காக அணைகிறதா? யுபிஎஸ் கண்காணிப்புச் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) உள்ள இரண்டு சர்வர், விஎம்களின் டிஸ்க்குகளை வைத்திருக்கும் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே பயன்படும் சேமிப்பகம்), ஒரு நெட்வொர்க் சுவிட்ச், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ். அந்த யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி வயர் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் செருகியிருக்கும்; கீழே அதைப் பை என்றே சொல்கிறேன். சிறிய அலுவலகங்களில் நான் அதிகம் பார்க்கும் அமைப்பு இது. யுபிஎஸ் வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பேட்டரி தருவது சில நிமிட அவகாசம் மட்டும்தான். அந்த அவகாசத்துக்குள் எது முதலில் அணைய வேண்டும், எது கடைசி வரை இருக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். கீழே உள்ள சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த வரிசையும் நேரக்கணக்கும் தவறுவதால் வருபவை.

இதற்குப் பயன்படும் மென்பொருள் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட். அதில் மூன்று அடுக்கு உண்டு. ட்ரைவர் யுபிஎஸ்ஸோடு பேசும். அப்ஸ்டி என்ற சர்வீஸ் அந்தத் தகவலை 3493 என்ற போர்ட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு கணினியிலும் ஓடும் அப்ஸ்மான் அதைக் கேட்டுக்கொண்டிருந்து, வேளை வந்ததும் கணினியை அணைக்கும். யுபிஎஸ் செருகியிருக்கும் கணினி பிரைமரி, மற்றவை செகண்டரி. பழைய குறிப்புகளில் இவை மாஸ்டர், ஸ்லேவ் என்று இருக்கும், 2.8 பதிப்பிலிருந்து பெயர் மாறியது. கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் உச்சரிப்பின்படியே எழுதியிருக்கிறேன்.

எந்தச் சிக்கலானாலும் முதலில் பையில் அப்ஸ்சி கட்டளையை ஓட்டி, யுபிஎஸ்.ஸ்டேட்டஸ் என்ற வரியைப் பாருங்கள். ஓஎல் என்றால் மின்சாரம் இருக்கிறது, ஓபி என்றால் பேட்டரியில் ஓடுகிறது, எல்பி என்றால் பேட்டரி தீரப்போகிறது. எஃப்எஸ்டி என்றால் எல்லாரும் அணையுங்கள் என்று பிரைமரி உத்தரவு போட்டுவிட்டது. இந்த வரியே வரவில்லையா, வந்தும் தவறாக இருக்கிறதா, சரியாக இருந்தும் சர்வர் தவறாக நடக்கிறதா என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் தேடும் இடம் வெகுவாகக் குறையும்.

ட்ரைவர் எழவே இல்லை

சர்வீஸைத் தொடங்கியதும் பிழை எதுவும் காட்டாமல் நின்றுவிட்டால் நட்.கான்ஃப் கோப்பைத் திறந்து பாருங்கள். நிறுவியவுடன் அதில் மோட் என்பது நன் என்றே இருக்கும். பைக்கு நெட்சர்வர், மற்றவற்றுக்கு நெட்கிளையன்ட் என்று மாற்ற வேண்டும்.

அனுமதி இல்லை என்ற பிழை வந்தால் யுடெவ் விதி (எந்தக் கருவியை யார் தொடலாம் என்று லினக்ஸுக்குச் சொல்வது) இன்னும் அந்த யுஎஸ்பி கருவிக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். நட்டை நிறுவும் முன்பே வயரைச் செருகி வைத்திருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். வயரைக் கழற்றிச் செருகினாலே சரியாகிவிடும். ட்ரைவரை ரூட் பயனராக ஓட்டச் சொல்லும் ஆலோசனையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொருந்தும் கருவி எதுவும் இல்லை என்ற பிழை வந்தால் ட்ரைவர் மாற வேண்டியிருக்கும். எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் தெரியும் எண்ணைப் பாருங்கள். 0463 என்று தொடங்கினால் ஈட்டன், 051டி என்றால் ஏபிசி, 0764 என்றால் சைபர்பவர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு யுஎஸ்பிஹெச்ஐடி-யுபிஎஸ் ட்ரைவர் போதும். 0665:5161 என்று வந்தால் உள்ளே இருப்பது பழைய சீரியல் மொழி பேசும் சிப். விலை குறைந்த யுபிஎஸ்களில் இதை நிறையப் பார்க்கலாம். அதற்கு நட்ட்ரைவ்_கியூஎக்ஸ் ட்ரைவர் வேண்டும்.

டெபியன் 12, அதை அடித்தளமாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் 8 ஆகியவற்றில் ஒவ்வொரு யுபிஎஸ்ஸுக்கும் தனித்தனி ட்ரைவர் சர்வீஸ் உருவாகும். யுபிஎஸ்.கான்ஃப் கோப்பில் புதிதாக ஒன்றைச் சேர்த்த பிறகு நட்-ட்ரைவர்-எனுமரேட்டர் சர்வீஸை மறுபடி தொடங்கினால்தான் அது உருவாகும்.

டேட்டா ஸ்டேல் என்று அடிக்கடி வருகிறது

ட்ரைவர் உயிரோடு இருக்கிறது, ஆனால் யுபிஎஸ் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. டிமெஸ்ஜி பதிவில் அதே நேரத்தில் யுஎஸ்பி டிஸ்கனெக்ட் வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் நீளமான வயர், யுஎஸ்பி ஹப் இரண்டையும் எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். இல்லையென்றால் யுபிஎஸ்.கான்ஃப் கோப்பில் போல்ஒன்லி என்ற ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். யுபிஎஸ் தானாக அனுப்பும் தகவலுக்குக் காத்திருக்காமல் ட்ரைவரே கேட்டுக் கேட்டு வாங்கும். என் அனுபவத்தில் பலமுறை இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

பையில் தெரிகிறது, சர்வரிலிருந்து தெரியவில்லை

கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட் என்றால் அப்ஸ்டி தன் சொந்தக் கணினிக்குள் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அப்ஸ்டி.கான்ஃப் கோப்பில் லிசன் வரியில் 0.0.0.0 என்று கொடுங்கள், 3493 போர்ட்டை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அங்கே பையின் ஐபி முகவரியைக் கொடுத்து வைத்திருந்தால் இன்னொரு தொல்லை வரும். பை எழும்போது நெட்வொர்க் தயாராகும் முன்பே அப்ஸ்டி ஓடி, அந்த முகவரி இல்லை என்று நின்றுவிடும். கையால் தொடங்கினால் சரியாக ஓடும், ரீபூட் செய்தால் ஓடாது.

ஆக்சஸ் டினைட் என்றால் அப்ஸ்டி.யூசர்ஸ் கோப்பில் இருக்கும் பெயரும் கடவுச்சொல்லும், சர்வரின் அப்ஸ்மான்.கான்ஃப் கோப்பில் மானிட்டர் வரியில் இருப்பவையும் பொருந்தவில்லை. அந்த வரியில் யுபிஎஸ் பெயருக்கு அடுத்து வரும் எண்ணையும் பார்த்துவிடுங்கள். அது 1 ஆக இருக்க வேண்டும். 0 என்று இருந்தால் அப்ஸ்மான் கண்காணிக்கும், ஆனால் அணைக்காது.

கரண்ட் போனதை ஒரு சர்வர் மட்டும் கவனிக்கவே இல்லை

பையும் ஒரு சர்வரும் ஒழுங்காக அணைந்தன, இன்னொரு சர்வர் பேட்டரி தீர்ந்ததும் பொத்தென்று விழுந்தது என்றால் முதலில் சுவிட்சின் வயரைப் பின்தொடருங்கள். அது யுபிஎஸ்ஸில் இல்லாமல் சுவரில் செருகியிருக்கும்.

கரண்ட் போன அதே நொடியில் சுவிட்சும் அணைந்தால், அந்த சர்வர் கடைசியாகக் கேட்ட செய்தி ஓஎல். மின்சாரம் இருக்கும்போதே தொடர்பு அறுந்தது என்றுதான் அப்ஸ்மான் எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் அது எச்சரிக்கை எழுதும், அணைக்காது. நெட்வொர்க் கோளாறுக்கெல்லாம் சர்வரை அணைக்கக் கூடாது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் சுவிட்ச் சில நொடி தாக்குப்பிடித்து, ஓபி என்ற செய்தி ஒருமுறை வந்து சேர்ந்த பிறகு தொடர்பு அறுந்தால் கதை வேறு. பேட்டரியில் ஓடும்போது தொடர்பு போனால் யுபிஎஸ் தீர்ந்துவிட்டதாகக் கருதி, டெட்டைம் என்ற 15 நொடி கழிந்ததும் அது அணைத்துவிடும். ஆகவே ஒரே கோளாறு ஒரு நாள் சர்வரை அணைக்காமல் விடும், இன்னொரு நாள் அவசரமாக அணைக்கும். இப்படி முன்னுக்குப் பின் முரணாக நடந்தால் கான்ஃபிக் கோப்புகளைக் குடையாமல் சுவிட்சைப் பாருங்கள். சர்வருக்கும் பைக்கும் நடுவில் எத்தனை சுவிட்ச் இருந்தாலும் அத்தனையும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

கரண்ட் போன நொடியே எல்லாம் அணைகிறது

பேட்டரி 100 சதவீதம் என்று காட்டும்; கரண்ட் போனதும் ஓபி, எல்பி இரண்டும் சேர்ந்தே வரும். கிட்டத்தட்ட உறுதியாக பேட்டரி கிழடாகிவிட்டது. சார்ஜ் ஏறிய மின்னழுத்தம் சரியாக இருக்கும், பாரம் ஏறியதும் சரிந்துவிடும். ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. ஏசி இல்லாத சர்வர் அறையில், நம் ஊர் வெயிலில், பெட்டியில் எழுதியிருக்கும் ஆயுளை நம்பி இருக்க முடியாது. எல்பி எச்சரிக்கையைப் புறக்கணிக்கச் சொல்லி ட்ரைவரை மாற்றுவது இங்கே தீர்வு ஆகாது. பேட்டரியை மாற்றுங்கள்.

பேட்டரி தீரும் வரை ஒன்றுமே அணையவில்லை

இதற்கு மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, எல்பி என்ற செய்தி வரவே இல்லை, அல்லது மிகத் தாமதமாக வருகிறது. விலை குறைந்த யுபிஎஸ் பல, பேட்டரி எத்தனை சதவீதம் என்று சொல்லாது, மின்னழுத்தத்தை மட்டும் சொல்லும். ஒரு 12 வோல்ட் பேட்டரி என்றால் முழு அளவு 13.0, தீர்ந்த அளவு 10.4 என்று யுபிஎஸ்.கான்ஃப் கோப்பில் கொடுத்தால் ட்ரைவர் அதிலிருந்து சதவீதத்தை ஊகிக்கும். சதவீதம் சொல்லும் யுபிஎஸ்ஸாக இருந்தால், இக்னோர்எல்பி என்ற வரியோடு பேட்டரி.சார்ஜ்.லோ, பேட்டரி.ரன்டைம்.லோ இரண்டையும் ஓவர்ரைட் செய்து நம் தேவைக்கு ஏற்ற எல்லையை வைக்கலாம். பத்து சதவீதத்தில் எச்சரிக்கும் யுபிஎஸ், ஒரு தனி மேசைக் கணினிக்குப் போதும். பத்து விஎம் ஓடும் சர்வருக்குப் போதாது.

இரண்டாவது, கரண்ட் போய் ஐந்து நிமிடம் ஆனால் அணை என்று அப்ஸ்ஷெட் (நட்டோடு வரும் டைமர் கருவி) மூலம் டைமர் வைத்திருப்பார்கள், ஆனால் அது ஓடாது. அப்ஸ்மான்.கான்ஃப் கோப்பில் ஆன்பேட், ஆன்லைன் இரண்டு நிகழ்வுகளுக்கும் நோட்டிஃபைஃபிளாக் வரியில் எக்ஸெக் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் பதிவில் மட்டும் எழுதும், எதையும் இயக்காது. அடுத்து, அப்ஸ்ஷெட்.கான்ஃப் கோப்பில் பைப்எஃப்என், லாக்எஃப்என் இரண்டும் சுட்டும் அடைவில் நட் பயனருக்கு எழுதும் உரிமை வேண்டும்.

மூன்றாவது, ஜெனரேட்டர் இருக்கும் இடங்களில் வருவது. ஜெனரேட்டரின் மின்னழுத்தமும் அலைவெண்ணும் ஆடும்போது யுபிஎஸ் அதை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவும், மறுபடி திரும்பும், மறுபடி தாவும். ஒவ்வொரு முறை ஓஎல் வரும்போதும் ஐந்து நிமிட டைமர் ரத்தாகிவிடும். பேட்டரி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும். உங்கள் மாடல் அனுமதித்தால் அப்ஸ்ஆர்டபிள்யூ கட்டளையால் இன்புட்.சென்சிட்டிவிட்டி என்பதை லோ ஆக்குங்கள். டைமரை மட்டும் நம்பாமல் மேலே சொன்ன சார்ஜ் எல்லையையும் சேர்த்தே வையுங்கள். டைமர் எத்தனை முறை ரத்தானாலும் அது தன் வேலையைச் செய்யும்.

ஹோஸ்ட் ஒழுங்காக அணைந்தது, விஎம் உடைந்தது

என்னை அதிகம் வருத்திய சிக்கல் இது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் இரவு கரண்ட் போனது. பதிவுகளின்படி பை உத்தரவு கொடுத்தது, சர்வர்கள் அதை ஏற்று அணையத் தொடங்கின. காலையில் கணக்கு டேட்டாபேஸ் திறக்கவில்லை. முந்தைய இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து மீட்டோம். ஒரு நாள் முழுக்கப் போட்ட பில்களை அங்கிருந்தவர்கள் மறுபடி உட்கார்ந்து அடித்தார்கள். தேடியபோது இரண்டு தவறுகள் கிடைத்தன, இரண்டும் நான் வைத்தவை.

ஒன்று, கெஸ்ட் ஏஜென்ட், அதாவது விஎம்முக்குள் இருந்து ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டும் சர்வர்) சொல்வதைக் கேட்டுச் செய்யும் சிறு மென்பொருள். ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்மின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கியூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் என்பதை இயக்கியிருந்தேன், ஆனால் விஎம்முக்குள் அந்த மென்பொருள் இல்லை. இயக்கிவிட்டால் ப்ராக்ஸ்மாக்ஸ் பவர் பட்டன் அழுத்துவது போன்ற ஏசிபிஐ குறிப்பை அனுப்பாது, ஏஜென்டிடம்தான் அணையச் சொல்லும். அங்கே கேட்க ஆள் இல்லை. விஎம்முக்கு இயல்பாக உள்ள காத்திருப்பு 180 நொடி, கன்டெய்னருக்கு (விஎம் போன்றது, அதைவிட இலகுவானது) 60 நொடி. அது கழிந்ததும் வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். ஒவ்வொரு விஎம்முக்கும் கியூஎம் ஏஜென்ட் என்று அடித்து, விஎம் எண்ணையும் பிங் என்ற சொல்லையும் கொடுத்துப் பாருங்கள். பிழை வராமல் திரும்பினால் ஏஜென்ட் இருக்கிறது. ஆப்ஷனைப் புதிதாக இயக்கினால் விஎம்மை முழுதாக அணைத்து எழுப்ப வேண்டும், உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. விண்டோஸ் விஎம்களில் ஏஜென்டை விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவுங்கள். யாரும் லாகின் செய்யாத விண்டோஸ் சர்வர் ஏசிபிஐ குறிப்பைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடக்கூடும், ஏஜென்ட் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

மற்றொன்று, நேரக்கணக்கு. செகண்டரிகள் இணைப்பைத் துண்டிக்கும் வரை பிரைமரி காத்திருக்கும், அதற்கு ஹோஸ்ட்சிங்க் என்று பெயர், இயல்பில் 15 நொடி. சர்வர்கள் முழுதாக அணையும் வரை அது காத்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. செகண்டரியின் அப்ஸ்மான் அணைக்கும் கட்டளையைக் கொடுத்ததுமே விலகிவிடும். விஎம்கள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். பையில் விஎம் எதுவும் இல்லை, ஆகவே அது சில நொடியில் அணைந்துவிடும். அணையும்போது யுபிஎஸ்ஸுக்கு வெளியீட்டைத் துண்டிக்கச் சொல்லிவிட்டுப் போகும். துண்டிக்கும் முன் யுபிஎஸ் காத்திருக்கும் நேரத்துக்கு ஆஃப்டிலே என்று பெயர், யுஎஸ்பிஹெச்ஐடி ட்ரைவரில் அது இயல்பில் 20 நொடி. டேட்டாபேஸ் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரியில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே, யுபிஎஸ் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது.

இதற்கு ஃபைனல்டிலே என்ற அமைப்பு கைகொடுக்கும். அணைக்கும் உத்தரவு வந்த பிறகு அந்தக் கணினி எத்தனை நொடி பொறுத்து அணைய வேண்டும் என்பதை அது சொல்லும். முதலில் அளந்து பாருங்கள். சர்வரை வழக்கம்போல் அணைத்து, கடைசி விஎம் மூடி, ஹோஸ்ட்டும் அணைய எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். அது நான்கு நிமிடம் என்றால் என் அமைப்பு இப்படி இருக்கும்: சர்வர்களில் ஃபைனல்டிலே 5 நொடி, விஎம் டிஸ்க்குகள் இருக்கும் நாஸில் 270, பையில் 360. சர்வர்கள் உடனே தொடங்கும், அவை முடிந்த பிறகு நாஸ், எல்லாம் முடிந்த பிறகு பை. மொத்தம் ஏழு நிமிடத்துக்குள் முடியும். ஆகவே பேட்டரி.ரன்டைம்.லோ 600 நொடியாவது இருக்க வேண்டும். பத்து நிமிடப் பேட்டரி மிச்சம் இருக்கும்போதே மூடத் தொடங்குகிறோமே என்று தோன்றும். பேட்டரி சொல்லும் மிச்ச நேரம் ஊகம்தான், அந்த மூன்று நிமிட உபரியை நான் குறைக்க மாட்டேன்.

நாஸ் சர்வர்களுக்கு முன்னால் அணைந்தாலும் இதே பாழ்தான். விஎம்மின் டிஸ்க் காணாமல் போய், சர்வரும் அதற்காகக் காத்துத் தொங்கும். ஆயத்தமாக வரும் சில நாஸ் பெட்டிகளில் ஃபைனல்டிலேயை மாற்ற முடியாது. அப்படியானால் சர்வர்களில் அப்ஸ்ஷெட் வைத்து, பிரைமரியின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் ஓபி வந்த ஐந்தாம் நிமிடமே அவை தாமாக அணையும்படி செய்யுங்கள்.

விஎம்களுக்குள்ளும் வரிசை உண்டு. ஸ்டார்ட்/ஷட்டவுன் ஆர்டரில் சிறிய எண் கொடுத்தது முதலில் எழும், கடைசியில் அணையும். எண் கொடுக்காதவை கடைசியில் எழுந்து முதலில் அணையும். டேட்டாபேஸுக்கு 1, அதை நம்பியிருக்கும் ஆப்புகளுக்கு 2. காத்திருப்பு நேரத்தையும் அங்கேயே வைக்கலாம். டேட்டாபேஸுக்குத் தாராளமாகவும், ஓர் இணைய முகப்புக்கு 30 நொடியாகவும் வையுங்கள்.

ஹெச்ஏ கிளஸ்டராக (ஒரு சர்வர் விழுந்தால் அதன் விஎம்களை இன்னொன்று எழுப்பும் கூட்டு; அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட்) இருந்தால் இந்த வரிசை எண் செல்லாது. இயல்பான ஷட்டவுன் பாலிசியில், அணையும் நோடின் விஎம்களை இன்னொரு நோட் எழுப்பப் பார்க்கும். அந்த நோடும் அணைந்துகொண்டிருக்கும். டேட்டாசென்டர் ஆப்ஷன்ஸில் அதை ஃப்ரீஸ் என்று மாற்றுங்கள். மைக்ரேட் என்பது பராமரிப்புக்கு நல்லது, கரண்ட் இல்லாத நேரத்தில் அது நேரத்தைத் தின்னும். எல்லா நோடுகளும் ஒரே உத்தரவில் சேர்ந்து அணையட்டும். ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் கடைசி நோட் கோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை) இழந்து, அதில் ஹெச்ஏ விஎம் இருந்தால் ஒரு நிமிடத்தில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அந்த நோடையே ரீசெட் செய்துவிடும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு சோதித்துப் பாருங்கள். முதல் சுற்றில் எல்லாக் கணினிகளிலும் ஷட்டவுன்சிஎம்டி வரியில் அணைக்கும் கட்டளைக்குப் பதில் பதிவில் ஒரு வரி எழுதும் கட்டளையை வைத்து, பையில் அப்ஸ்மான் -சி எஃப்எஸ்டி ஓட்டுங்கள். எந்தக் கணினி எத்தனையாவது நொடியில் எழுதியது என்று ஒப்பிடலாம். முடிந்ததும் அப்ஸ்டி, அப்ஸ்மான் இரண்டையும் மறுபடி தொடங்குங்கள், இல்லாவிட்டால் எஃப்எஸ்டி அப்படியே நிற்கும். அடுத்த சுற்று நிஜம். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த்தும் சேர்ந்து போய்விடும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாள் இதற்குத் தோதானது. ஆட்கள் வேலையை மூடி வைத்திருப்பார்கள், நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள்.

கரண்ட் வந்துவிட்டது, சர்வர் எழவில்லை

பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மின்சாரம் திரும்பும்போது என்ன செய்வது என்ற அமைப்பு லாஸ்ட் ஸ்டேட் என்று இருக்கும். நாம் ஒழுங்காக அணைத்ததால் கடைசி நிலை அணைந்த நிலைதான், அதனால் அணைந்தே கிடக்கும். பவர் ஆன் என்று மாற்றினால் எழும்.

அதன் பிறகும் சில நேரம் எழாது. சர்வர்கள் அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பிவிட்டால், யுபிஎஸ் வெளியீட்டை ஒருமுறை துண்டித்துக் கொடுத்தால்தான் பயாஸுக்கு மின்சாரம் வந்தது தெரியும். பையின் அப்ஸ்மான்.கான்ஃப் கோப்பில் அப்படித் துண்டிக்கச் சொல்ல வழிசெய்யும் பவர்டவுன்ஃபிளாக் வரி இருக்கிறதா, யுபிஎஸ்.கான்ஃப் கோப்பில் ஆன்டிலே (வெளியீட்டை மறுபடி தரும் முன் காத்திருக்கும் நேரம்) எண் ஆஃப்டிலேயைவிடப் பெரியதா என்று பாருங்கள். கரண்ட் இருக்கும்போது துண்டிக்க மறுக்கும் யுபிஎஸ்களும் உண்டு. அவற்றுக்காக நட்.கான்ஃப் கோப்பில் பவர்ஆஃப்_வெயிட் என்பதை 15எம் என்று வையுங்கள். பை அணையும் கடைசிக் கட்டத்தில் பதினைந்து நிமிடம் காத்திருக்கும். அதுவரை மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்றால் தானே ரீபூட் ஆகி எழும்.

எழுந்த சர்வர் பத்து நிமிடத்தில் மறுபடி விழுந்தால், பேட்டரி ஏறும் முன்பே இரண்டாவது முறை கரண்ட் போயிருக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸில் ஸ்டார்ட்ஆல்-ஆன்பூட்-டிலே என்பதை வைத்து விஎம்கள் எழுவதை 300 நொடி வரை தள்ளிப்போடலாம். நான் இப்போது செய்வது வேறு. நாஸ், சர்வர்கள் எல்லாவற்றின் பயாஸிலும் மின்சாரம் வந்தாலும் அணைந்தே இரு என்று வைத்துவிட்டு, எழுப்பும் பொறுப்பைப் பையிடம் கொடுத்திருக்கிறேன். பை எழுந்ததும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் யுபிஎஸ் நிலையைப் பார்க்கும். ஓஎல் வந்து, சார்ஜ் 60 சதவீதம் தாண்டிய பிறகு வேக்-ஆன்-லேன் (அணைந்த கணினியை நெட்வொர்க் வழியே எழுப்பும் வசதி) மூலம் முதலில் நாஸை எழுப்பும். நாஸின் பகிர்வு பதில் சொன்ன பிறகுதான் சர்வர்களை எழுப்பும். பையின் எஸ்டி கார்டு கெட்டால் எழுப்ப ஆள் இருக்காது. அதனால் அதே ஸ்கிரிப்டோடு இன்னொரு கார்டைத் தயாராக எழுதி, யுபிஎஸ் பெட்டியின் பக்கவாட்டில் உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.